எடைமேடைக் கணினியும் புது மானிட்டரும்: நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் உள்ள ஒரு தனியார் அரிசி ஆலை. சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த தை மாதக் கடைசியில் எடைமேடைக் கணினியின் மானிட்டர் அணைந்துபோனது. 17 அங்குலச் சதுரத் திரை, பல ஆண்டு உழைத்தது. மறுநாளே 24 அங்குலப் புது மானிட்டர் வாங்கி வைத்தார்கள். அதில் படம் வரவில்லை. பார்க்க வந்த ஒருவர், மதர்போர்டு போய்விட்டது, புதுக் கணினிதான் வாங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் நெல் லோடுடன் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. எடைச்சீட்டைக் கையால் எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து நான் போய்ப் பார்த்தேன். அந்தத் தீர்ப்பு தவறானது. மதர்போர்டு நன்றாகவே இருந்தது. ஒன்றன் பின் ஒன்றாக மறைந்திருந்த வேறு காரணங்கள்தான் திரையை இருட்டாக்கின. ஒன்றைத் தீர்த்தால் அடுத்தது தலைகாட்டியது. டெல்டா முழுக்க அரிசி ஆலை, உரக்கடை, அச்சகம், ஸ்கேன் மையம் என்று எத்தனையோ இடங்களில் இதே போன்ற பழைய கணினிகள் அன்றாட வேலையைச் சுமக்கின்றன. மானிட்டரில் படம் வராததாலேயே அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பழைய கணினியை ஏன் மாற்ற முடியாது

மதர்போர்டு இன்டெல் ஜி31 சிப்செட் கொண்டது. 2007இல் வந்த வகை. திரைக்கான இணைப்பு பின்பக்கத்தில் ஒன்றே ஒன்று: 15 துளை கொண்ட நீல நிற விஜிஏ. அதன் பக்கத்தில் சீரியல் இணைப்புக்கான ஒரு காம் போர்ட், பழைய பிரிண்டர்களுக்கான ஒரு பேரலல் போர்ட். உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திவிட்டது. இந்தக் கணினிக்கு இணைய இணைப்பு கிடையாது என்பதால் அது பெரிய குறையாக இல்லை.

எடைமேடையின் எடைகாட்டியிலிருந்து எண் காம் போர்ட் வழியாக வருகிறது. எடைச்சீட்டு அடிக்கும் நிரல் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது. லோடு வண்டியின் எடை, காலி வண்டியின் எடை, நிகர எடை என்று மூன்றையும் கணக்கிட்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்துத் தரும். அந்த நிரலைத் திருட்டுத்தனமாகப் படியெடுக்காமல் இருக்க, பேரலல் போர்ட்டில் ஒரு சிறிய பூட்டு செருகியிருக்கிறது. பூட்டின் மறுமுனையில்தான் பிரிண்டர் கேபிள். நிரலை எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டுவிட்டார்.

புதுக் கணினி வாங்கினால் காம் போர்ட்டுக்கு மாற்று உண்டு, யூஎஸ்பி கன்வர்ட்டர் பெரும்பாலும் வேலை செய்யும். பேரலல் போர்ட் பூட்டுக்கு அது நடக்காது. கடையில் கிடைக்கும் யூஎஸ்பி-பேரலல் கேபிள் பிரிண்டருக்காகவே செய்யப்பட்டது, பூட்டோடு அதற்குப் பேசத் தெரியாது. ஆகவே புதுக் கணினி என்றால் புது நிரல், புதுப் பயிற்சி, அறுவடை நடுவில் தடங்கல். மானிட்டர் ஒன்றுக்காக இவ்வளவும் தேவையா என்பதுதான் கேள்வி.

உயிர் இருக்கிறதா என்று பார்த்தது

படம் வராத கணினியில் முதலில் பார்க்க வேண்டியது விசைப்பலகையை. எண் விசைகளுக்கான ‘நம் லாக்’ (Num Lock) விசையை அழுத்தினேன். பச்சை விளக்கு அணைந்தது, மறுபடி அழுத்தினால் எரிந்தது. விளக்கு விசைக்கு இசைந்தால் செயலியும் மதர்போர்டும் இயங்குகின்றன என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

அடுத்து, நான் எப்போதும் வண்டியில் வைத்திருக்கும் பழைய விஜிஏ மானிட்டரைக் கணினியில் நேரடியாகச் செருகினேன். உடனே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்: சிமாஸ் செக்சம் தவறு, தொடர எஃப்1 விசையை அழுத்தவும். கணினி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. எடைமேடைக் கணக்கர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது தினமும் காலையில் வருவதுதான் தம்பி. எஃப்1 அழுத்திவிட்டு, தேதியையும் நேரத்தையும் சரிசெய்துவிடுவேன்” என்றார்.

மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட், தீர்ந்துபோயிருந்தது. இரவு மெயினை அணைத்ததும் கணினி சிமாஸ் நினைவகத்தில் உள்ள தன் அமைப்புகளையும் தேதியையும் மறந்துவிடும். காலையில் எஃப்1 கேட்டு நிற்கும். பழைய மானிட்டர் இருந்தவரை கணக்கரின் கை பழக்கத்தில் அதை அழுத்திக்கொண்டிருந்தது. திரை இருட்டாக இருந்தபோது அந்தக் கேள்வி கண்ணில் படவே இல்லை. கணினி பதிலுக்குக் காத்திருந்தது, வெளியே அதைச் செத்துவிட்டது என்று சொன்னார்கள். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, விண்டோஸ் வரை கொண்டுவந்து, திரை அளவை 1024×768 என்றும் புதுப்பிப்பு வேகத்தை 60 ஹெர்ட்ஸ் என்றும் குறைத்து வைத்தேன். 75 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 75 முறை படம் புதுப்பிக்கப்படும் வேகத்தில், இருந்தது அது. விஜிஏவைப் புது மானிட்டரோடு சேர்க்கும் கன்வர்ட்டர்களில் பல 60ஐ மட்டும்தான் நம்பகமாக ஏற்கும். பழைய மானிட்டர் உயிரோடு இருக்கும்போதே அதில் இதைச் செய்துவிட்டு, பிறகு புதியதை மாட்டுவது நல்லது.

எல்லாம் பொருந்தியது, எதுவும் ஓடவில்லை

புது மானிட்டரில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் என்ற இரண்டு உள்ளீடுகள் மட்டும் இருந்தன. விஜிஏ இல்லை. இது வியப்புக்குரியதல்ல. இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவா, சாம்சங், எல்ஜி ஆகிய நிறுவனங்கள் 2010 டிசம்பரிலேயே விஜிஏவைப் படிப்படியாகக் கைவிடப்போவதாகக் கூட்டாக அறிவித்தன. இன்றும் விஜிஏ உள்ள புது மானிட்டர்கள் விற்பனைக்கு இருக்கின்றன, கேட்டு வாங்கினால் கிடைக்கும். இவர்கள் கேட்கவில்லை, கடையிலும் யாரும் அந்தக் கணினியின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று விசாரிக்கவில்லை. பிரித்துவிட்ட மானிட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பதிலாகக் கடையில் ஒரு சிறிய கன்வர்ட்டர் கொடுத்தார்கள். ஒரு முனையில் எச்டிஎம்ஐ ஆண் செருகி, மறுமுனையில் விஜிஏ பெண் துளை. இரண்டு பக்கமும் ஆண் செருகி உள்ள விஜிஏ கேபிளைக் கணினியிலிருந்து எடுத்து அந்தத் துளையில் மாட்டி, எச்டிஎம்ஐ முனையை மானிட்டரில் செருகியிருந்தார்கள். ஒவ்வொரு முனையும் கச்சிதமாக உட்கார்ந்தது. மானிட்டரில் நோ சிக்னல்.

அந்தக் கன்வர்ட்டர் எச்டிஎம்ஐ உள்ள கணினியை விஜிஏ உள்ள மானிட்டரோடு சேர்க்கச் செய்யப்பட்டது. எச்டிஎம்ஐயில் வருவது எண்ணாக்கப்பட்ட சமிக்ஞை, விஜிஏவில் போவது ஏறி இறங்கும் மின்னழுத்தம். ஒன்றை மற்றொன்றாக்க உள்ளே ஒரு சில்லு வேண்டும். அந்தச் சில்லு ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். மதகு வழியாக ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத்தான் தண்ணீர் பாயும், வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கு ஏறாது. இங்கே கணினி பக்கம் விஜிஏ, மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ. முற்றிலும் எதிர்த்திசை.

வேண்டியது வேறு பொருள். அதில் விஜிஏ முனை ஆணாக இருக்கும், கணினியிலேயே நேராகச் செருகும் வகையில். எச்டிஎம்ஐ முனை பெண் துளை. கூடவே மின்சாரத்துக்கு ஒரு யூஎஸ்பி வால் இருக்கும், பலவற்றில் ஒலிக்கு 3.5 மில்லிமீட்டர் துளையோ வயரோ இருக்கும். விலை சில நூறு ரூபாய்தான். வாங்கும்போது பெட்டியில் ‘விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு’ என்ற வரிசையைப் படிக்க வேண்டும், எது முதலில் இருக்கிறதோ அதுதான் கணினி பக்கத்து முனை. ஒரு முனையில் விஜிஏ, மறுமுனையில் எச்டிஎம்ஐ, நடுவில் சில்லு எதுவும் இல்லாத வெறும் கேபிளும் கடைகளில் தொங்குகிறது. சாதாரணக் கணினிக்கும் மானிட்டருக்கும் நடுவில் அது எதற்கும் உதவாது. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

படம் வந்தது, அளவு வரவில்லை

சரியான கன்வர்ட்டரோடு விண்டோஸ் திரை வந்தது. ஆலையில் ஒரு நிம்மதி. ஆனால் எழுத்துகள் பக்கவாட்டில் இழுத்து வைத்தாற்போல் பருத்துத் தெரிந்தன. 1024×768 படத்தை அகலத் திரை முழுக்க விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது மானிட்டர். அதன் உண்மையான அளவான 1920×1080 அமைப்புப் பட்டியலில் இல்லவே இல்லை. சாதனப் பட்டியலில் மானிட்டரின் பெயர் ‘டீஃபால்ட் மானிட்டர்’ என்று இருந்தது. கணினிக்குத் தன் முன் இருப்பது எந்தத் திரை என்று தெரியவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

இன்றைய எந்த மானிட்டருக்குள்ளும் குறைந்தது 128 பைட் அளவில் ஒரு தகவல் தொகுப்பு இருக்கிறது. ஈடிஐடி என்று பெயர். தயாரித்தவர் யார், அங்குலம் எவ்வளவு, எந்தெந்த அளவுகளை எந்த வேகத்தில் ஏற்பேன் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். கணினி அதைக் கேட்டு வாங்கித்தான் படத்தின் அளவை முடிவு செய்கிறது. விஜிஏ 1987இல் ஐபிஎம் பிஎஸ்/2 கணினிகளோடு வந்தபோது இந்த ஏற்பாடு இல்லை. 1994இல் திரைகளுக்கான தர விதிகளை வகுக்கும் வெசா அமைப்பு இதற்கான வழியை வகுத்து, விஜிஏ இணைப்பின் 12ஆவது, 15ஆவது ஊசிகளை அதற்கு ஒதுக்கியது. கன்வர்ட்டர் நடுவில் இருந்தால் அந்தத் தகவலை அதுதான் கணினிக்குத் தர வேண்டும். தருவதற்குக் கம்பி வேண்டுமே.

ஆலையில் கணினி உள்ளறையில், மானிட்டர் வண்டிக்காரர்கள் வந்து நிற்கும் ஜன்னலோரம். நடுவில் சுவரோடு ஓடியது ஒரு விஜிஏ நீட்டிப்புக் கேபிள். கன்வர்ட்டரை அதன் ஜன்னல் பக்க முனையில் மாட்டியிருந்தோம். கணினி பக்க முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து ஊசி இருக்க வேண்டும். மேல் வரிசையில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கான முதல் மூன்றும் இருந்தன. கீழ் வரிசையில் நடு ஊசியும் அதற்கு அடுத்ததும் மட்டும், அதாவது 13உம் 14உம், கிடைமட்ட, செங்குத்து ஒத்திசைவுக்கானவை. 12உம் 15உம் இருக்க வேண்டிய இடம் மூளி. படம் போவதற்கு அது போதும், மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் செய்தி திரும்பி வருவதற்குப் போதாது. பழைய 17 அங்குலத் திரைக்கு யாரோ கையால் அளவு அமைத்துக் கொடுத்திருந்ததால் இவ்வளவு காலம் இந்தக் குறை வெளியே தெரியவில்லை.

4, 9, 11 ஆகிய ஊசிகள் இல்லாத கேபிள்கள் நிறைய உண்டு. அவற்றால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. பார்க்க வேண்டியவை 12, 15 இரண்டுமே. கேபிளின் முனையைக் கண்ணால் ஒரு தடவை பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. எக்ஸ்பியில் ‘இந்த மானிட்டர் காட்ட முடியாத அளவுகளை மறை’ என்ற கட்டத்தின் குறியை எடுத்துவிட்டு வேண்டிய அளவைத் திணிக்கலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். தவறான வேகம் போய்விட்டால் திரை இருண்டுவிடும், 15 விநாடியில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். எனக்கு அந்த வழியில் உடன்பாடில்லை. திணித்த அளவு அடுத்த மானிட்டரை மாட்டும்போது மறுபடி இருட்டைத் தரும். கேபிளைச் சரிசெய்வதுதான் வேலை.

முழு ஊசிகளும் உள்ள புது விஜிஏ நீட்டிப்பை மாட்டியதும் ‘பிளக் அண்ட் பிளே மானிட்டர்’ என்று பெயர் மாறியது. 1920×1080 பட்டியலில் வந்தது. தேர்ந்தெடுத்தேன். படம் திரை முழுக்கச் சரியாக நின்றது, ஆனால் ஒவ்வொரு எழுத்தின் வலப்பக்கத்திலும் மெல்லிய நிழல்.

நீளமான விஜிஏ கேபிளில் மின்னழுத்தம் மழுங்கிப் போவதால் வருவது அது. விஜிஏ உள்ள மானிட்டரில் ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ என்ற பொத்தான் இதை ஓரளவு சரிசெய்யும். இங்கே மானிட்டருக்கு வருவது எச்டிஎம்ஐ என்பதால் அந்த வசதி பட்டியலில் மங்கிக் கிடந்தது. அளந்து எண்ணாக்கும் வேலை கன்வர்ட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதனால் ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டோம். கன்வர்ட்டரைக் கணினியின் பின்பக்கத்திலேயே செருகி, அதன் யூஎஸ்பி வாலையும் அதே கணினியில் மாட்டி, ஜன்னல்வரை உள்ள தூரத்தை எச்டிஎம்ஐ கேபிளால் கடந்தோம். விஜிஏ ஓடும் தூரம் இப்போது ஏறக்குறைய இல்லை. நிழல் போய்விட்டது. கன்வர்ட்டர் போட வேண்டிய எந்த இடத்திலும் நான் இப்படித்தான் செய்யச் சொல்வேன்: விஜிஏ குட்டையாக, எச்டிஎம்ஐ நீளமாக.

டாஸ் திரையில் மறுபடி இருட்டு

கணக்கர் எடைமேடை நிரலைத் திறந்தார். திரை கறுத்து நோ சிக்னல் என்றது. நிரலை மூடினால் விண்டோஸ் திரும்பி வந்தது.

எக்ஸ்பியில் டாஸ் நிரல் முழுத்திரையில் ஓடும்போது கணினி பழைய எழுத்து முறைக்குப் போய்விடும். 80 எழுத்து அகலம், 25 வரி. அப்போது வெளியே போகும் சமிக்ஞை 720×400, 70 ஹெர்ட்ஸ். விஜிஏ மானிட்டர்கள் அதைப் பிறவியிலேயே அறிந்தவை. இந்தக் கன்வர்ட்டருக்கு அது தெரியவில்லை. காலையில் வரும் எஃப்1 கேள்வியும் இதே எழுத்து முறையில் வருவதுதான். பேட்டரியை மாற்றாமல் கன்வர்ட்டரை மட்டும் மாற்றியிருந்தால் அப்போதும் இருட்டுத்தான் மிஞ்சியிருக்கும், மதர்போர்டு போய்விட்டது என்ற பேச்சும் உறுதியாகியிருக்கும்.

நிரல் வெறும் எழுத்துகளால் ஆனது, வரைகலை இல்லை. அதனால் ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தி அதை ஒரு ஜன்னலுக்குள் கொண்டுவர முடிந்தது. குறுக்குவழிச் சின்னத்தின் பண்புகளில் முழுத்திரை என்பதை மாற்றி, எப்போதும் ஜன்னலில் திறக்கும்படி நிலைநிறுத்தினேன். எழுத்து முதலில் பொடியாக இருந்தது. 1920 புள்ளி அகலத்தை 80 எழுத்துக்குப் பங்கிட்டால் எழுத்துக்கு 24 புள்ளி கிடைக்கும். லூசிடா கன்சோல் எழுத்துருவில் 36 என்ற அளவு அதற்குள் அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வண்டிக்காரருக்கும் இப்போது எடை தெரிகிறது. பழைய திரையில் அது தெரிந்ததில்லை என்றார் கணக்கர். வரைகலை முறையில் ஓடும் டாஸ் நிரல் என்றால் இந்த வழி எடுபடாது. அங்கே விஜிஏ உள்ளீடு உள்ள மானிட்டரே சரி.

கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். ஜி31 போர்டில் அதற்கான இடம் உண்டு, எச்டிஎம்ஐ உள்ள சிறிய கார்டும் கிடைக்கும். தவிடு பறக்கும் அறையில் இன்னொரு மின்விசிறியையும், எக்ஸ்பிக்கு டிரைவர் தேடும் வேலையையும், கணினிக்கு மின்சாரம் தரும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் கூடுதல் சுமையையும் நான் விரும்பவில்லை. தூசியற்ற அலுவலகம், விண்டோஸ் 7 அல்லது 10 உள்ள கணினி என்றால் கார்டைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். கன்வர்ட்டரைவிடப் படம் தெளிவாக இருக்கும்.

இதே ஊர்ப்பக்கம், வேறு வடிவத்தில்

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு அச்சகத்தில், பெரிய நிறுவனங்களில் ஓடி இரண்டாம் கைக்கு வந்த கணினி, இன்டெல்லின் நான்காம் தலைமுறைச் செயலி. வடிவமைப்புக்கென்று 4கே (3840×2160 புள்ளி) மானிட்டர் வாங்கினார்கள். படம் வந்தது, ஆனால் எலியை நகர்த்தினால் அம்புக்குறி தத்தித் தத்திப் போனது. கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து மலிவான அடாப்டர் வழியாக எச்டிஎம்ஐக்கு எடுத்திருந்தார்கள். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப, புள்ளிகளை அனுப்பும் வேகம் 594 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தாங்குவது 340. அதனால் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிட்டது. மானிட்டரிலேயே டிஸ்ப்ளேபோர்ட் இருந்தது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்றை நேராகப் போட்டதும் 60 வந்தது. கூடவே ஒரு நன்மை: எச்டிஎம்ஐ வழியில் அந்தத் திரையைத் தொலைக்காட்சி என்று நினைத்துக் கணினி 16 முதல் 235 வரையிலான குறுகிய நிற எல்லையில் அனுப்பிக்கொண்டிருந்தது, கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது. குங்குமச் சிவப்பும் தங்க நிறமும் சரியாகத் தெரிய வேண்டிய தொழிலில் அது சிறிய குறையல்ல.

விஜிஏவுக்கு அடுத்து வந்த டிவிஐ என்ற திரை இணைப்பு உள்ள கணினிகளில் வேறு சிக்கல். ஒற்றை இணைப்பு டிவிஐ 165 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 1920×1080 படத்துக்கு 60 ஹெர்ட்ஸில் 148.5 போதும், 75 ஹெர்ட்ஸில் 165ஐத் தாண்டிவிடும். புது மானிட்டர் 75 என்று விளம்பரத்தில் இருக்கிறதே என்று அமைத்தால் திரை சிமிட்டும் அல்லது இருளும். 60இல் விட்டுவிட வேண்டும்.

ஆலையின் பழைய 17 அங்குல மானிட்டரையும் பிரித்துப் பார்த்தேன். மின்பலகையில் கெப்பாசிட்டர்கள் உப்பிப்போயிருந்தன, அவ்வளவுதான். மாற்றியதும் எரிந்தது. ஜன்னலோரத்தில் புதியதே இருக்கட்டும் என்றார்கள். பழையது உள்ளறையில் கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுத்து முறைத் திரையைப் பார்க்க வேண்டிய நாளில் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு அதைச் செருகிக்கொள்ளலாம்.

இனி அந்தக் கணினியில் என்னைக் கவலைப்பட வைப்பது பேரலல் போர்ட்டில் இருக்கும் பூட்டு ஒன்றுதான். அது கெட்டால் நிரல் திறக்காது, மாற்றிக் கொடுக்க ஆளும் இல்லை. வரும் குறுவை அறுவடைக்குள் புது எடை நிரலுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று ஆலைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது வாங்கும் கணினியில் காம் போர்ட் இருக்கிறதா என்று பின்பக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டும். மானிட்டர் இதே போதும்.